பாஸ்டரம்மாவுக்கு எப்போது அங்கி?

பல்லாவரத்தில் தொடங்கி கூடுவாஞ்சேரி வரை, ஜி.எஸ்.டி. சாலையின் இருபக்கத் தெருக்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சபை இருக்கும். கோபுரமும் மணியும் உள்ள பழைய ஆலயங்கள் சில. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடப்பவை சில. மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கீபோர்டும் மைக்கும் வைத்து நடப்பவை மிகப் பல. வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் கோட்டு சூட்டுடன் போதகர், பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் மனைவி. அவர் பெயருக்கு முன்னால் ‘பாஸ்டர்’ என்றும் அம்மாவின் பெயருக்கு முன்னால் ‘சிஸ்டர்’ என்றும் போட்டிருக்கும்.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாட்டு நடத்துபவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். பிரசங்க பீடத்தில் நிற்பவரும் திருவிருந்து மேசைக்குப் பின்னால் நிற்பவரும் மட்டும் ஆண்கள். இந்த ஏற்பாடு வேதம் சொன்னபடி வந்ததா, நாமாகச் செய்துகொண்டதா என்ற கேள்வி தென்சென்னைப் புறநகர்ச் சபைகளில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. ஆனால் ஆராதனை முடிந்து சுக்குக் காபி குடிக்கும்போது, பெண்கள் கூடி நிற்கும் இடத்தில், மெதுவான குரலில் அது எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வேலை யாருடையது?

‘பாஸ்டரம்மா’ என்று ஒருவரை நம் சபைகள் அழைக்கின்றன. போதகரின் மனைவி என்பது அதன் பொருள். ஆனால் அந்த அம்மா ஒரு வாரத்தில் செய்யும் வேலையைக் கூட இருந்து பார்த்தவர்களுக்கு, அவரே ஒரு போதகர் என்பது விளங்கும். விடிகாலை ஜெபத்தை நடத்துகிறார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வேதத்தை விரித்து ஒரு மணி நேரம் பேசுகிறார். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்த பெண்ணுக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார். கணவன் குடித்துவிட்டு அடித்தான் என்று இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டும் பெண்ணை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார். வரன் பார்ப்பது, மாமியார் மருமகள் சண்டையைத் தீர்ப்பது, கடன் தொல்லையில் தூக்குக்கயிறு வரை போனவரைப் பேசித் திருப்புவது எல்லாம் அவர் பாடு. ஆண்களிடம் சொல்ல முடியாததைப் பெண்கள் அவரிடம் சொல்கிறார்கள். பல ஆண்களும் அவரிடம்தான் சொல்கிறார்கள்.

இதற்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான தனிச்சபைகளில் அவர் பெயரில் நியமனக் கடிதம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, காணிக்கைக் கணக்கில் கையெழுத்து போடும் உரிமையும் இல்லை. ஊழியக்காரருக்குப் பெண் தேடும்போது, வேதாகமக் கல்லூரியில் படித்த பெண்ணாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. படிப்பு வேண்டும், படிப்புக்கு உரிய பொறுப்பு மட்டும் வேண்டாம் என்றால் அது என்ன கணக்கு?

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மொட்டை மாடிச் சபைகளை ஆரம்பித்த போதகர் திடீரென்று மறைந்துபோகும் இடங்களில், சபை கலைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது பல நேரம் அவர் மனைவிதான். அடுத்த ஞாயிறு அவர் மைக்கைப் பிடிக்கிறார். யாரும் எழுந்து போவதில்லை. அதுவரை ‘பெண் போதிக்கலாமா’ என்று கேட்டவர்களும் ஆமென் சொல்கிறார்கள். கணவர் இருந்தவரை கூடாது என்று இருந்தது, கணவர் போனபின் கூடும் என்று ஆகிவிடுகிறது. வேதம் தடுப்பதாக இருந்தால் அது விதவைக்கும் சேர்த்துத்தானே தடுக்க வேண்டும்? பெண்ணின் வரம் சபைக்கு எப்போதும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பின்கட்டு அறைக்குப் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த நாலைந்து பேர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வெந்நீரில் முக்கி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பார்கள். ஒருவர் கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வடிகட்டிக்கொண்டு வந்திருப்பார். ஒருவர் ரொட்டியின் ஓரத்தை நீக்கிவிட்டுச் சிறு சதுரங்களாக வெட்டுவார். இன்னொருவர் மேசை விரிப்புக்கு இஸ்திரி போட்டு, சிலுவை தைத்த பக்கம் முன்னால் வரும்படி மடித்து வைப்பார். மறுநாள் காலை அந்த மேசைக்கு முன்னால் முழங்கால் படியிட்டு, தாங்கள் கழுவிய கிண்ணத்துக்கே கை நீட்டுவார்கள். ஆயத்தம் செய்த கை பரிசுத்தமானது என்றால், எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் அது எப்படிக் குறைந்துபோகும்?

எந்தச் சபை எங்கே நிற்கிறது?

சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக நின்றவர்கள் ஒன்றான நாள் அது. உலகத் திருச்சபை வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அந்தத் திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டத்தின் கதவைத் திறந்துவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை முதல் பெண் குருக்களுக்குப் பட்டம் கொடுத்ததோ 1994இல்தான். இந்த விஷயத்தில் சென்னை லண்டனை முந்திக்கொண்டது. 2013 செப்டம்பரில் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்ப லலிதா பேராயராக நியமிக்கப்பட்டார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவர். இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் லிபி லேன் பொறுப்பேற்றது 2015இல். அங்கேயும் நாம்தான் முன்னால் இருந்தோம்.

அதன் பிறகு என்ன ஆயிற்று? 2025 அக்டோபரில் கேன்டர்பரி பேராயர் பதவிக்கே சாரா முல்லாலி என்ற பெண்ணின் பெயர் அறிவிக்கப்பட்டது. அவர் செவிலியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஒரு திருச்சபை, ஆகவே அந்தச் செய்தி நமக்கும் உரியது. நாம் முதலில் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டோம். சட்டப்படி எல்லாம் சரி. நடைமுறையில், பெரிய நகரச் சபைக்குத் தலைமை ஆயராகப் பெண்ணை அனுப்புவது இன்றும் அபூர்வம். பட்டம் பெற்ற பெண்ணை விடுதிக் காப்பாளராகவோ, பள்ளி சாப்ளினாகவோ, உதவி ஆயராகவோ போடுவது எளிதாக இருக்கிறது. கணவரும் ஆயராக இருந்தால், சபை அவருக்குப் போகும், ‘மகளிர் பணி’ இவருக்கு வரும். விதி புத்தகத்தில் சமத்துவம் இருக்கிறது, இடமாற்றப் பட்டியலில் அதைக் காணோம். சி.எஸ்.ஐ.யின் மீது என் வருத்தம் இதுதான். பட்டம் கொடுக்காத சபைகளையாவது அவர்கள் கொள்கையை வைத்துப் புரிந்துகொள்ள முடியும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை தெளிவானது. 1994 மே மாதம் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று திருத்தூது மடலில் உறுதியாக எழுதினார். பன்னிரு திருத்தூதர்களும் ஆண்கள், கிறிஸ்து அப்படித்தான் தேர்ந்தெடுத்தார் என்பது அடிப்படை வாதம். ஆனால் அதே திருச்சபையில் நற்கருணை வழங்கும் கன்னியரைச் சென்னைப் பங்குகளில் பார்க்கிறோம். 2021இல் போப் பிரான்சிஸ், வாசகர், பீடப்பணியாளர் ஆகிய பணிகளை முறைப்படி பெண்களுக்கும் திறந்துவிட்டார். மகதலா மரியாவின் நினைவு நாளை, திருத்தூதர்களின் நாள்களுக்கு உரிய விழா நிலைக்கு 2016இல் உயர்த்தியவரும் அவரே. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, சீடர்களுக்குச் செய்தி சொன்னவர் அந்தப் பெண். பரங்கிமலைக்கு ஏறிப் போகும் யாத்திரிகர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், திருச்சபையின் முதுகெலும்பு யார் என்று புரியும்.

தாம்பரத்துக்குச் சொந்தமான கதை இரும்புலியூரில் இருக்கிறது. இலங்கையில் 1920களில் தோன்றி, ‘சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்’ என்று பெயர் பெற்று, இன்று பல நாடுகளில் கிளை விட்டிருக்கும் பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம் அங்கேதான். அதன் பெண் ஊழியர்களை நீங்கள் தாம்பரம் ரயில் நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சேலை, நகை இல்லை, பூ இல்லை, கையில் வேதாகமம். திருமணத்தையும் சொத்தையும் விட்டுவிட்டு, விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்ந்து, வாழ்நாள் முழுவதையும் ஊழியத்துக்குக் கொடுத்தவர்கள். இவர்களுடைய அர்ப்பணிப்புக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் சபையை நடத்தும் தலைமைப் போதகர் பொறுப்பு அங்கேயும் ஆண்களிடம்தான். வாழ்க்கை முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம், தலைமையை மட்டும் கொடுக்கக்கூடாது என்பதை ஏற்க என் மனம் மறுக்கிறது.

இதற்கு நேர் எதிர் ஓரம் இரட்சணிய சேனை. 1882இல் இந்தியாவுக்கு வந்த நாள் முதல் அதில் பெண்கள் அதிகாரிகள்தான். அதைத் தோற்றுவித்த வில்லியம் பூத்தின் மனைவி கேத்தரின், பெண்கள் பிரசங்கிக்கும் உரிமைக்காக 1859லேயே ஒரு சிறுநூல் எழுதியவர். அவர்கள் மகள் எவாஞ்சலின் 1934இல் உலக இரட்சணிய சேனைக்கே ஜெனரல் ஆனார். கேப்டன் அம்மா ஒருவர் பிரசங்கம் செய்வதைப் பார்த்து அங்கே யாரும் வியப்பதில்லை.

பவுல் என்ன சொன்னார்?

பெண் போதிக்கக் கூடாது என்பவர்கள் இரண்டு இடங்களைக் காட்டுவார்கள். ஒன்று, 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம்: பெண் அமைதலாகக் கற்றுக்கொள்ளட்டும், ஆணுக்கு உபதேசிக்கவோ அவன்மேல் அதிகாரம் செலுத்தவோ நான் அனுமதிப்பதில்லை என்ற கருத்தில் பவுல் எழுதுவது. இன்னொன்று, 1 கொரிந்தியர் பதினாலாம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசாமல் இருக்க வேண்டும் என்பது. இந்தத் தரப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. தீமோத்தேயுவில் பவுல் ஊர் வழக்கத்தைக் காரணம் காட்டவில்லை, ஆதாம் ஏவாள் வரைக்கும் போகிறார். அது படைப்பின் ஒழுங்கு, காலத்துக்குக் காலம் மாறாது என்று அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. பெண் தாழ்ந்தவள் என்று அவர்களில் பலர் நினைக்கவில்லை. வேறு பணி என்கிறார்கள். இப்படி நினைக்கும் பெண்களும் நம் சபைகளில் நிறைய உண்டு. அவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று பேசுவது நேர்மை அல்ல.

ஆனால் அதே பவுலை முழுவதும் வாசிக்க வேண்டும். 1 கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்தில், பெண் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். நம் ஊர்ச் சபைகளில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவது இந்த அதிகாரத்தை வைத்துத்தான். முக்காட்டை எடுத்துக்கொண்டோம். அந்த முக்காட்டுக்கு உள்ளே இருந்து பெண் சபையில் வாய் திறந்து பேசினாள் என்று அதே வசனம் சொல்வதை மட்டும் விட்டுவிட்டோம். பதினாலாம் அதிகாரத்தின் மௌனம் எல்லாக் காலத்துக்கும் எல்லாச் சபைக்கும் உரிய கட்டளை என்றால், மூன்று அதிகாரங்களுக்கு முன்னால் பவுல் ஏன் அவர்கள் பேசும் முறையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்?

தீமோத்தேயுவின் அதே பகுதியில், பின்னலும் பொன்னும் முத்தும் விலையேறப்பெற்ற உடையும் வேண்டாம் என்று இருக்கிறது. பெந்தெகொஸ்தேயினர் நகையைக் கழற்றிவிட்டார்கள், அவர்கள் சொல்லில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மற்றச் சபைகளின் கல்யாணங்களில் காஞ்சிபுரம் பட்டும் ஆரமும் மின்ன மணமகள் பீடத்துக்கு வரும்போது எந்த ஆயரும் அந்த வசனத்தை எடுத்துச் சொல்வதில்லை. ஒரு வசனத்தை அன்றைய எபேசு பட்டணத்துச் சூழலுக்கு என்று விட்டுவிட்டு, அடுத்ததை மட்டும் உலகத்துக்கே சட்டம் என்பது என்ன நியாயம்?

ரோமர் பதினாறாம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. வாழ்த்துப் பட்டியல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலில்தான் கெங்கிரேயா சபையின் பெபேயாள் முதலில் நிற்கிறார். அடுத்து பிரிஸ்கில்லாள். அலெக்சந்திரியாவிலிருந்து வந்த பெரும் பேச்சாளர் அப்பொல்லோவை வீட்டுக்கு அழைத்து, கணவர் ஆக்கில்லாவோடு சேர்ந்து, வேதத்தை இன்னும் திருத்தமாகக் கற்றுக்கொடுத்தவர் இவர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஒரு பெண் ஒரு போதகருக்கே போதித்திருக்கிறார். பிறகு யூனியா. நான்காம் நூற்றாண்டின் திருச்சபைத் தந்தை கிறிசோஸ்தம், பெண்களைப் பற்றிக் கடுமையாகவும் பேசியவர், இந்த யூனியாவை அப்போஸ்தலர் என்று சொல்லத்தக்க பெண் என்று வியந்து புகழ்ந்தார். பழைய ஏற்பாட்டுக்குப் போனால் தெபொராள் இஸ்ரவேலையே நியாயம் விசாரித்தாள். ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைப் பற்றி யோசியா ராஜா விசாரித்து வரச் சொன்னபோது, பிரதான ஆசாரியனே உல்தாள் என்ற தீர்க்கதரிசியின் வீட்டுக்குப் போனான்.

வேதம் என்ற பெயரில் வெளியே சொல்லாத ஒரு காரணமும் நம்மிடம் இருக்கிறது. தீட்டு. மாதவிலக்கு நாள்களில் ஒரு பெண் திருவிருந்து மேசையைத் தொடலாமா என்ற கூச்சம் ஆண்களைவிடப் பெண்களிடமே ஆழமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண், யூத முறைப்படி தீட்டானவள், கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் விலகவில்லை, கடிந்துகொள்ளவில்லை, மகளே என்று அழைத்தார். அந்தப் பகுதியை வாசித்துவிட்டுமா நமக்குத் தீட்டு? தாம்பரத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மேல்மருவத்தூர் வருகிறது. ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் பெண்கள் கருவறைக்குள் போய்த் தாங்களே பூசை செய்கிறார்கள், மாதவிலக்கும் அங்கே தடை அல்ல. செவ்வாடை உடுத்திய பெண்கள் தாம்பரம் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்க்காத ஆள் இங்கே உண்டா? 2023இல் ஸ்ரீரங்கத்தில் அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். ஆணென்றும் பெண்ணென்றும் கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை என்று கலாத்தியரை வைத்துப் போதிக்கும் நாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுக்கும் அடியைப் பார்த்து யோசிக்க வேண்டாமா?

பாப்பாத்தியம்மாள் கோயிலும் சாராளின் பாட்டும்

தென்சென்னைப் புறநகர்க் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். விடுமுறை விட்டால் தாம்பரத்தில் ரயிலுக்கு நிற்பவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று பாளையங்கோட்டையில் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்து, அவரிடம் கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேட்டு அறிந்தார். மிஷனரி சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். முறையான திருமணம் இல்லை என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து குளோரிந்தா என்று பெயரிட்டார். அவரைச் சுற்றித்தான் அந்த ஊரில் சபை கூடியது. 1780இல் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். குளோரிந்தா முன்நின்று கட்டிய ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். இன்றும் ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

லட்சக்கணக்கான விசுவாசிகளாகப் பெருகிய திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் இது. விதவை, ஊர் வாய்க்கு அஞ்ச வேண்டியவர், ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். அவர் போதகர் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பிறகு அங்கே அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் நட்டவர் யார், பட்டம் யாருக்கு என்ற வரிசை அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. குளோரிந்தாவுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல், வேதாகமப் பெண்கள் என்ற பெயரில் தெரு தெருவாக, ஆண் ஊழியர்கள் நுழைய முடியாத அடுக்களை வரைக்கும் போய் வேதம் கற்பித்தவர்களுடைய பெயர்கள்கூட நமக்குத் தெரியாது.

சாராள் நவரோஜியின் பெயர் தெரியும். சென்னையைச் சேர்ந்தவர், மணம் புரியாமல் ஊழியத்துக்கென்றே வாழ்ந்தவர், 2014இல் மறைந்தார். அவர் எழுதி இசையமைத்த பாடல்களைப் பாடாத தமிழ்ச் சபை இல்லை. பெந்தெகொஸ்தே, சி.எஸ்.ஐ., லுத்தரன் எல்லோரும் பாடுகிறார்கள். மரண வீட்டில், ஞானஸ்நானத் தொட்டியின் ஓரத்தில், வருடப் பிறப்பு இரவில் அவர் பாட்டு ஒலிக்கிறது. நம் சாதாரண விசுவாசிக்கு இயேசுவின் பாடுகளையும் வருகையையும் பற்றித் தெரிந்ததில் பாதி, பிரசங்கத்திலிருந்து வந்தது அல்ல, பாட்டிலிருந்து வந்தது. பிரசங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும். பாட்டு சாகும்வரை நிற்கும். அப்படியானால் தமிழ்ச் சபைக்குப் போதித்தவர்களில் சாராள் நவரோஜிக்கு இணையான ஆண்கள் எத்தனை பேர்? ‘பெண் ஆணுக்கு உபதேசிக்கக் கூடாது’ என்று பிரசங்கிக்கப் போகும் போதகர், அதற்கு முன்னால் கண்ணை மூடிக் கைகளை உயர்த்திப் பாடியது ஒரு பெண் தந்த உபதேசத்தை. இதைச் சொல்லும்போது எனக்கு ஆதங்கம் பொங்குகிறது.

ஸ்டெல்லா தினகரன் பெருங்கூட்டங்களிலும் தொலைக்காட்சியிலும் பல பத்தாண்டுகளாகப் பேசிவருகிறார். கேட்பவர்களில் ஆண்கள் ஏராளம். எந்தச் சபையும் தன் ஆண்களைத் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லவில்லை. மேடையில் போதிக்கலாம், ஒலிபெருக்கியில் போதிக்கலாம், ஒரு குறிப்பிட்ட சபையின் பொறுப்பில் மட்டும் நிற்கக் கூடாது என்றால், பிரச்சினை போதனை அல்ல. அதிகாரம்.

சென்னையில் படித்த இன்னொரு பெண்ணையும் நினைக்க வேண்டும். 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு நடந்தது. ‘தாம்பரம் 1938’ என்றே உலகத் திருச்சபை வரலாறு அதைக் குறிக்கிறது. அந்த மாநாட்டுக்குப் பத்து ஆண்டு கழித்துத் திருச்சபைகளின் உலகப் பேரவை 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உருவானபோது, திருச்சபையில் பெண்களின் வாழ்வும் பணியும் பற்றிய ஆய்வை அவையில் முன்வைத்தவர் சாரா சாக்கோ, ராணி மேரி கல்லூரியின் முன்னாள் மாணவி. 1951இல் அந்தப் பேரவையின் தலைவர்களில் ஒருவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அவர் அன்று எழுப்பிய கேள்விகளுக்கு இன்னும் நாம் பதில் சொல்லவில்லை.

இரவில் யார் போவது?

கமிட்டிகளில் இறையியல் பேசப்படுவதில்லை. அங்கே வருவது வேறு. இரவு இரண்டு மணிக்குச் சாவு வீட்டுக்கு யார் போவது? பெண் ஆயர் பிள்ளை பெற்றால் ஆறு மாதம் சபையை யார் பார்ப்பது? தேர்தல் நேரத்தில் இரண்டு கோஷ்டி சட்டையைப் பிடித்துக்கொண்டால் யார் விலக்குவது? கல்யாணம் செய்து வைத்தால் சட்டப்படி செல்லுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், திருமணம் நடத்த உரிமை உள்ளவர்களை வரிசைப்படுத்தும்போது, பேராயரால் பட்டம் பெற்றவர், அரசின் உரிமம் பெற்ற ஊழியர் என்றுதான் போகிறது. பெண்ணுக்குக் கிடையாது என்று அதில் எங்கும் இல்லை. இரவில் போவது பற்றி: தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மருத்துவமனைகளில் இரவுப் பணியில் நிற்பவர்கள் செவிலியர்கள், அவர்களில் எத்தனையோ பேர் நம் சபைப் பெண்கள். பெண் காவல் ஆய்வாளர்கள் ரோந்து போகிறார்கள். பேறுகால விடுப்பைப் பள்ளியும் வங்கியும் சமாளிக்கின்றன. ஒரு ஆயர் ஆறு மாதம் படிக்கப் போனால் பக்கத்துச் சேகர ஆயர் பார்த்துக்கொள்வதில்லையா? கோஷ்டிச் சண்டைக்கு ஆண் ஆயர்கள் கண்ட தீர்வை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதன் முதல் மேயராக வசந்தகுமாரி கமலக்கண்ணன் பொறுப்பேற்றார். இளம் பெண், பட்டியல் சமூகத்தவர். பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை குப்பையும் குடிநீரும் வெள்ளமும் அவர் பொறுப்பில் வந்தன. அந்த மேயரிடம் மனு கொடுக்க வரிசையில் நிற்கும் ஆண்கள், ஒரு பெண்ணின் கையிலிருந்து அப்பமும் ரசமும் வாங்க மாட்டோம் என்பதற்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

1944இல், போரின் நடுவே, மக்காவ் சபைக்குக் குருக்களே இல்லாமல் போனபோது ஹாங்காங் பேராயர் ஃபுளாரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண்ணுக்குப் பட்டம் கொடுத்தார். உலக ஆங்கிலிக்கன் வரலாற்றில் முதல் பெண் குரு. போர் முடிந்ததும் எதிர்ப்பு வந்தது, அவர் தன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தார். அவசரத்துக்குப் பெண், அவசரம் தீர்ந்தால் பின்வரிசை என்ற இந்த வழக்கம் சீனத்துக்கு மட்டும் உரியது அல்ல. நம் மொட்டை மாடிச் சபைகளிலும் மகன் படித்துவிட்டு வந்ததும் அம்மா மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

உடனே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. தாம்பரம் சுற்றுவட்டார சி.எஸ்.ஐ. சபைகளின் கமிட்டிகள், அடுத்த இடமாற்றத்துக்கு முன்னால் பேராயருக்கு ஒரு தீர்மானம் அனுப்பலாம்: எங்களுக்குப் பெண் ஆயர் சம்மதம், உதவி ஆயராக அல்ல, சேகரத்தின் பொறுப்பாயராக. ஆயர் வீட்டின் கதவுப் பூட்டு, தெருவிளக்கு, பேறுகால விடுப்பு ஆகியவற்றையும் அதே கூட்டத்தில் பேசி எழுதி வைக்கலாம். பேராயம், பட்டம் பெற்ற பெண்களில் எத்தனை பேர் சேகரப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் சபைக்கு வெளியிடலாம். தனிச்சபைகள் பெரும்பாலும் டிரஸ்டாகப் பதிவு செய்யப்பட்டவை. அந்தப் பத்திரத்தில் பாஸ்டரம்மாவை வெறும் உறுப்பினராக எழுதாமல் போதகராக எழுதி, மாதச் சம்பளத்தைக் குறித்து, வங்கிக் கணக்கில் கையெழுத்து உரிமையும் கொடுக்கலாம். கணவர் உயிரோடு இருக்கும்போதே.